சத்திரத்து மணியும் பள்ளிக்கூடத்து மணியும்

நம் பள்ளியில் ஒரு நாளில் எத்தனை முறை மணி அடிக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? காலை வழிபாட்டிற்கு ஒரு மணி, பாடவேளை மாறும்போதெல்லாம் ஒரு மணி, இடைவேளைக்கு, உணவுக்கு, விளையாட்டுக்கு, முடிவில் வீட்டுக்குப் போகச் சொல்லும் நீண்ட மணி. எல்லாருக்கும் இனிமையானது அந்தக் கடைசி மணிதான்! இவை அனைத்தும் நேரத்தைச் சொல்லும் மணிகள். நேரத்தைச் சொல்லாமல், மனிதரைத் தேடிய மணி ஒன்று முற்காலத்தில் நம் தஞ்சைத் தரணியில் இருந்தது. அது நள்ளிரவில் ஒலித்தது. அன்பும் ஆதரவும் நிறைந்த பள்ளிச் சமுதாயத்தை உருவாக்குவது எப்படி என்று இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டபோது, அந்த மணியே முதலில் நம் நினைவுக்கு வந்தது.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியை நாம் அறிவோம். சரஸ்வதி மகால் நூலகத்தின் பெயரோடு அவர் பெயரும் நம் நாவில் வரும். 1798-ல் அரியணை ஏறிய அவர், மறு ஆண்டே நாட்டின் ஆட்சிப் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட நேர்ந்தது. ஆயினும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. இராமேசுவரம் செல்லும் சாலையில் அவருடைய முன்னோர் கட்டிவைத்த அன்ன சத்திரங்களே அவை. அவற்றின் நிர்வாகம் தம் கையிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டு, 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் நாள்தோறும் என்னென்ன நடக்கின்றன என்பதை அதில் விரிவாக எடுத்துரைத்தார்.

எல்லாச் சாதியாருக்கும், எல்லாச் சமயத்து யாத்திரிகருக்கும், பக்கீர்களுக்குங்கூட அங்கே சோறு உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயுற்று வந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கிடைக்கும். குணமாகும் வரை மரியாதையோடு பார்த்துக்கொள்வார்கள். கருவுற்ற பெண்களைப் பரிவோடு பேணுவார்கள். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து ஆசிரியரிடம் ஒப்படைப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்தல், உடுக்க உடை. அவர்கள் எந்தக் கலையை விரும்புகிறார்களோ அதில் பயிற்சி. 'விரும்புகிறார்களோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். அநாதைப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

நள்ளிரவு வரை உணவு வழங்கிய பின் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால், அவர்களுக்கென்று வைத்திருக்கும் சோற்றைப் பெற்றுக்கொள்ள வரும்படி அழைக்கும் மணி அது.

சரபோஜி மன்னருக்கு இது பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. சிறுவராயிருந்தபோது அரண்மனைப் பூசலால் அடைத்து வைக்கப்பட்டு, கல்வியும் சரிவரக் கிடைக்காமல் வாடியவர் அவர். சுவார்ட்சு ஐயர் என்னும் ஜெர்மானியப் போதகர் தலையிட்டு முறையிட்டதனாலேயே விடிவு பிறந்தது. 1793-ல் சென்னைக்குச் சென்று கல்வி கற்றார். தம்மை ஒருவர் தேடி வந்ததை அவர் மறக்கவில்லை. ஐயருக்கு அவர் அமைத்த சலவைக்கல் நினைவுச் சின்னத்தைச் சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள தேவாலயத்தில் இன்றும் காணலாம்.

அந்த மணியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். 'சோறு ஆக்கினோம், வந்தவர்கள் உண்டார்கள், எங்கள் கடமை தீர்ந்தது' என்று சத்திரத்தார் படுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மணி வந்தவர்களுக்காக அடிக்கப்படவில்லை, வராதவர்களுக்காக அடிக்கப்பட்டது. கூச்சத்தால் திண்ணையோரம் ஒதுங்கியவர், மொழி புரியாத வடநாட்டு யாத்திரிகர், கால் நொந்து பின்தங்கி வந்த மூதாட்டி ஆகியோருக்காக அடிக்கப்பட்டது. அது யார் பெயரையும் சொல்லவில்லை. 'அதோ அவள்தான் பட்டினி' என்று சுட்டிக் காட்டவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒலித்தது. வேண்டியவர் எழுந்து வந்தார். அந்தக் காலத்துச் சத்திரங்களை நாம் சொர்க்கமாக்கவில்லை. சாதிக்கொரு பந்தி என்பது அன்றைய வழக்கம். அதை நாம் போற்ற இயலாது. ஆனால் அந்த மணியை எடுத்துக்கொள்ளலாம்.

பிற்காலத்தில் நம் மாநிலத்துப் பள்ளிகளில் இத்தகைய மணிகள் சில ஒலித்தன. காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2023 ஆகஸ்டில் நம் காவிரிப் படுகையின் திருக்குவளையிலிருந்து விரிவுபடுத்தப்பட்ட காலை உணவு ஆகியவற்றைப் பெற்றோர் நன்கு அறிவர். சீருடையும் அவ்வகையே. அது ஏழை வீட்டுப் பாவாடையையும் பணக்கார வீட்டுப் பாவாடையையும் ஒரே நிறமாக்கிவிட்டது. ஆனால் சீருடை டிபன் பாக்ஸை மறைப்பதில்லை. வேகாத வெயிலில் ஏறி வந்த டவுன் பஸ்ஸை மறைப்பதில்லை. பேச்சு வழக்கை மறைப்பதில்லை.

ஆகவே உயர்நிலைப் பள்ளியில் 'இன்னும் உண்ணாதவர்' யார் என்று கேட்போம். நடுநிலைப் பள்ளியை ஊரில் முடித்து, ஒன்பதாம் வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்து, யாரோடு உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நிற்பவள் ஒருத்தி. தமிழ் வழியில் படித்து ஆங்கில வழிக்கு வந்து, 'மே ஐ கம் இன்' என்பதைக்கூட மனத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்ப்பவள் ஒருத்தி. நடவுக் காலத்தில் அம்மா வயலுக்குப் போய்விடுவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்று, மறுநாள் நோட்டு இல்லாமல் வருபவள் ஒருத்தி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததே, நினைவிருக்கிறதா? தோப்பு விழுந்தால் அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்புச் செலவும் விழுகிறது. தென்னை மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இவர்கள் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

நம் பகுதி உழவர்க்கு இது புரியும். மேட்டூர் அணையில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தித்தாளில் படம் வந்துவிடும், மலர் தூவுவார்கள், கல்லணையிலும் மதகு திறப்பார்கள். ஆனால் வேதாரண்யம் பக்கத்து விவசாயியிடம் போய்த் 'தண்ணீர் வந்துவிட்டதாமே' என்று சொல்லிப் பாருங்கள். 'கடைமடைக்கு வந்ததா?' என்றுதான் கேட்பார். காலை வழிபாட்டில் மதர் அவர்கள் அன்பைப் பற்றி அழகாகப் பேசுவது அணை திறப்பது போல. அது நல்லதே, தேவையானதே. கடைசி பெஞ்சுக்கு வந்ததா என்பதை யார் போய்ப் பார்ப்பது?

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே துயரமான சான்று உண்டு. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு முன்பே வகுப்பில் தொல்லை இருந்தது. அதனால் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தான். இதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை பல யோசனைகளைச் சொல்கிறது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்பது ஒன்று. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. நம் கருத்தில், கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும் இந்த இரண்டாவதே மிக ஆழமானது. நாமே இடம் தேடினால் நம்மைப் போன்றவள் பக்கத்தில்தான் உட்காருவோம். எழுத்து வரிசை தேடினால் அமுதா பக்கத்தில் ஆயிஷாவும், ஆயிஷா பக்கத்தில் ஆரோக்கிய மேரியும் வருவார்கள். ஒரு மாதத்தில் ஊறுகாய் கைமாறும்.

அது தென் மாவட்டத்துக் கதை என்று நாம் நகர்ந்துவிட முடியாது. 1968-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. அவர்களுள் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. அந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

பெண்கள் பள்ளியில் அரிவாள் இல்லை. ஆனால் 'டூ' உண்டு. 'அவளோடு யாரும் பேசக்கூடாது' என்று ஒருத்தி சொல்ல, ஏழு பேர் தலையாட்டினால், எட்டாவது பிள்ளைக்கு மதிய உணவு தொண்டையில் இறங்காது. இப்போது கைப்பேசிக் குழுக்கள் வந்து, இந்த 'டூ' இரவிலும் வீட்டுக்குள் தொடர்கிறது. பின்லாந்து நாட்டில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து ஒரு திட்டம் வகுத்தனர். 2009 முதல் அது அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது. அதன் பெயர் 'கிவா'. அவர்கள் மொழியில் இச்சொல்லுக்கு 'இனிமையானது' என்று பொருளாம். துன்புறுத்துபவளைத் தண்டிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை; சுற்றி நின்று பார்ப்பவர்களிடம் சென்றார்கள். பார்ப்பவர் சிரித்தால் கேலி வளர்கிறது, சிரிக்காவிட்டால் வாடுகிறது என்பதே அவர்களுடைய கணக்கு. எனவே தங்கையரே, நீங்கள் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. சிரிக்காமல் இருங்கள், பிறகு போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவ்வளவு போதும். சொல்வதற்கு எளிது, செய்வதற்குத் துணிவு வேண்டும் என்பதையும் நாம் அறிவோம்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. ஆனால் பல வீடுகளின் கூடத்தில் ரேங்க் பட்டியல் இன்னும் நிற்கவில்லை! தேறாத பிள்ளைக்குத் துணைத் தேர்வு உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணை அன்று இரவு அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இன்னொன்று இருக்கிறது, இதுவே மிகக் கனமானது. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஒரு பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கும். 'அவளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம்' என்று தோழியருக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆசிரியைக்குத் தெரிந்திருக்காது. சொன்னால் கோள் சொன்னதாகிவிடுமோ என்று வாயடைத்திருப்பார்கள். கோள் என்பது ஒருத்தியை மாட்டிவிடச் சொல்வது. ஒருத்தியைக் காப்பாற்றச் சொல்வது கோளாகாது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணைக் குழந்தைகளே அழைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் உண்டு. அதற்கு முன், உங்கள் வகுப்பு ஆசிரியையோ எந்தச் சிஸ்டரோ போதும். செலவுக்கு அஞ்சிப் படிப்பை நிறுத்தும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. 2024 டிசம்பர் முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு.

சரி, நம் பள்ளியில் அந்த மணியை யார் அடிப்பது? ஒவ்வொரு வகுப்பிலும் வாரம் ஒருத்தி என்று முறை வைத்துக்கொள்ளலாம் என்பது நம் யோசனை. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வரட்டும். கெட்டிக்காரிகளுக்கு மட்டும் என்றால் அது இன்னொரு பதவியாகிவிடும். பேசாத பிள்ளைக்கும் முறை வரும். அவள்தான் நம்மைவிட நன்றாகக் கவனிப்பாள் என்பது நம் எண்ணம். கடைசி மணிக்கு முன் அவள் மூன்றைப் பார்த்தால் போதும்: இன்று வராதவள் யார், தனியாகச் சாப்பிட்டவள் யார், நோட்டு எழுதாமல் விட்டவள் யார். பெயர் எழுத வேண்டாம், வகுப்பில் அறிவிக்க வேண்டாம். வராதவள் வீட்டுப் பக்கம் போகிறவளிடம் பாடத்தைச் சொல்லி அனுப்பட்டும்.

நன்கொடை தரும் பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். சீருடைத் துணியும் நோட்டுகளும் தருகிறீர்கள்; மிக்க நன்றி. ஆனால் பெற்றுக்கொள்ளும் பிள்ளையை மேடையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். இருட்டில் அடித்த மணிக்குப் புகைப்படக்காரர் யாரும் வரவில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி வைக்கலாம். மேல் வகுப்பு அக்காமார் எழுதி முடித்த நல்ல நோட்டுகள், பேனா, ரிப்பன், சானிட்டரி நாப்கின், கறை பட்டால் மாற்றிக்கொள்ள ஒரு பாவாடை ஆகியவை அதில் இருக்கட்டும். யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். முடிந்தபோது திருப்பி வைக்கலாம். 'எல்லாம் காணாமல் போய்விடுமே' என்று சிலர் கவலைப்படுவார்கள். முதல் மாதம் போகத்தான் போகும். போனது தேவைப்பட்டவள் கைக்குத்தான் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு மறுபடி நிரப்புவோம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் இதைத் தொடங்கலாம். தச்சரிடம் பெட்டிக்குச் சொல்லும்போது, பூட்டுக்கு இடம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.