கடவுளின் இயல்பும் நம் வழிபாடும்

ஒருவன் தான் வழிபடும் கடவுளை எத்தகையர் என்று எண்ணுகின்றானோ, அதற்கேற்பவே அவனது வழிபாடு அமையும். வழிபாடு அமைந்தவாறே வாழ்க்கையும் அமையும். கடவுளைக் கையுறை பெற்று அருளும் அரசராக எண்ணுவோன் காணிக்கையோடு நிற்பான். குற்றங்களைக் கணக்கிடும் அதிகாரியாக எண்ணுவோன் நடுக்கத்தோடு நிற்பான். தந்தையாக எண்ணுவோனோ தன் அருகே நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பான், அவர் தன் உடன்பிறந்தார் ஆதலின். ஆகவே, கடவுளின் இயல்பு யாது என்னும் வினா சமய நூல் வல்லார்க்கு மட்டும் உரியதன்று. நம் ஒவ்வொருவர்க்கும் உரியதாம்.

கிறித்தவ சமயம் கடவுளின் இயல்பாகக் கூறுவனவற்றுள் மூன்றினை ஈண்டுக் கருதுவோம்.

முதலாவது, கடவுள் ஆவியாயிருக்கின்றார். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்திலே, தொழுதற்குரிய மலை எது என்று சமாரியப் பெண் வினவ, இயேசு பெருமான் மலையைச் சுட்டாது மனத்தைச் சுட்டினார். ஆதலின், கோயிலினுள் உண்மையும் கடைத்தெருவிற் பொய்யும் பேசுவோன் இரண்டிடத்தும் ஒரே கடவுளின் முன் நிற்கின்றான் என்பதை மறந்தவனாவான்.

இரண்டாவது, கடவுள் தூயர். அவர்தம் தூய்மை தீட்டுக்கு அஞ்சி விலகும் தூய்மையன்று. தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய தூய்மையாம். பிறரைத் தொடாமையால் தூய்மை காக்கப்படும் என்னும் கருத்துக்கு நற்செய்தியில் இடமில்லை.

மூன்றாவது, கடவுள் அன்பாயிருக்கின்றார். தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொருமைக் கோட்பாட்டின் உட்பொருள் இதுவே. உலகம் தோன்றுமுன்னரே கடவுளிடத்து அன்பின் உறவு நிலவிற்று எனின், உறவு என்பது பின்னர்ச் சேர்ந்த அணியன்று; உண்மையின் வேராகும்.

இக்கோட்பாடுகளை ஏற்பது எளிது; அவற்றின்படி நிற்பது அரிது. அதற்கு நம் புதுவை நகரமே சான்றாகும். பின்னாளில் துய்ப்பிளேக்சுத் துரையின் தலைமைத் துபாசியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை அவர்கள் (1709–1761), தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் நிகழ்ச்சியொன்றைப் பதிந்துள்ளார். அந்நாளைய சம்பா கோயிலின் உள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு பக்கத்தே தாழ்ந்தோர் என ஒதுக்கப்பெற்ற கிறித்தவரும், மறுபக்கத்தே ஏனையோரும் நின்று தொழுதனர். ஒதுக்கப்பெற்றோர் குருவானவரிடம் சென்று முறையிட்டனர். அவரும் அச்சுவரை இடிப்பித்தார். அதனை ஏனையோர் பொறாது எதிர்த்தனர்.

சுவரின் இருபுறத்தும் ஓதப்பெற்ற விசுவாசப் பிரமாணம் ஒன்றே. ஏற்றப்பெற்ற மெழுகுவர்த்தியும் ஒரே தன்மைத்து. எல்லார்க்கும் தந்தை என்று நாவு சொல்ல, இல்லை என்று சுவர் சொல்லிற்று. கிறித்தவரல்லாத ஒருவர் இதனைக் கண்டெழுதி வைத்தார் என்பதும் எண்ணத்தக்கது. நம் கோட்பாட்டை அயலார் நம் நூல்களிற் படிப்பதினும் மிகுதியாக நம் நடக்கையிலேயே படிக்கின்றனர்.

1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்தபோது அக்கோயிலும் அழிந்தது. இன்று நாம் காணும் பேராலயம் 1791-இல் நிறைவெய்தியது. ஆயினும், மனத்தினுள் எழுப்பிய சுவர் எந்தப் பீரங்கிக்கும் இடிவதன்று. சீர்திருத்தச் சபைகளிலும் நிலை இதுவே. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபையிற் சாதி வேற்றுமை ஒழிதல் வேண்டும் எனக் கட்டளை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை எதிர்த்தனர். சபையை விட்டு நீங்கினோரும் உளர்.

அவர்கள் கூறிய நியாயம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. சாதி உலக வழக்கு, சமயத்தைச் சார்ந்ததன்று, உண்ணலும் கொடுத்தலும் கொள்ளலும் அவரவர் குடிமுறை என்றனர். கடவுள் கோயிலுக்கு மட்டும் தலைவராயின் இந்நியாயம் நிற்கும். அவர் வீதிக்கும் வீட்டுக்கும் படைப்பாளர் என்று நாம் அறிக்கையிடுகின்றோம் ஆதலின், அது நில்லாது. ஞாயிற்றுக்கிழமையில் ஒரே அப்பத்தில் பங்குபெற்றுத் திங்கட்கிழமையில் ஒரே பந்தியில் அமர மறுப்போன், அப்பத்தின் பொருளையே மறுத்தவனாகின்றான்.

தமிழ் பயிலும் நமக்கு இலக்கணமும் ஒன்று கற்பிக்கின்றது. நம் முன்னோர் மாந்தர் அனைவரையும் உயர்திணை என ஒரே திணையில் வைத்தனர். பிறப்பால் மக்களுள் எவரையும் அஃறிணையிற் சேர்த்திலர். நூலில் இவ்வாறிருக்க, வழக்கில் நாம் செய்வது யாது? செல்வர் வீட்டுச் சிறுவனை ‘வாருங்கள்’ என்கின்றோம்; நம் விடுதியைத் தூய்மை செய்யும் முதியவரை ‘வா’ என்கின்றோம். இச்சிறு விகுதியிலும் ஒரு சுவர் நிற்கின்றது.

சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிப் பிரிவினை இருத்தல் நாம் அறிந்ததே. உயிர்த்தெழுதலை நம்புவோர் இறந்தோரையும் பிரித்துப் புதைத்தல் எத்துணைப் பெரிய முரண்பாடு! திருமணம் பேசுமிடத்தும் முதல் வினா எதுவென்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே கேட்டறிக.

நண்பர்களே, கடவுளின் இயல்பைக் கற்றல் தேர்வுக்காகவன்று. பணியாளரை மரியாதையோடு விளித்தலும், பந்தியில் இடந்தருதலும், பெண்கொடுத்துப் பெண்கொள்ளுங்கால் சாதி வினவாமையும் நம் கையில் உள்ளன. அன்று ஒதுக்கப்பெற்றோர் தாமே சென்று முறையிட வேண்டியிருந்தது. இனியாயினும், அவர்கள் முறையிடுமுன் சுவரின் இப்பக்கத்து நிற்போர் முற்பட்டு அதனை இடிப்பாராக. அதுவே ஆவியாகவும் தூயராகவும் அன்பாகவும் விளங்கும் கடவுளுக்கு ஏற்ற வழிபாடாம்.