நூலகப் பாடவேளைக்குச் சான்று தேடுவோம்



பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் நூலகப் பாடவேளை கணக்குப் பாடவேளையாக மாறிவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். "நூலகத்தில் சொல்லித் தருவதால் மாணவிகளுக்கு என்ன பயன்?" என்று பெரியவர்கள் கேட்டால், "பயன் உண்டு" என்று மட்டும் சொன்னால் போதுமா? சான்று காட்ட வேண்டாமா?

சான்று தேட ஏற்ற இடம் 'எரிக்' என்னும் கல்வித் தரவுத்தளம். 1960களில் அமெரிக்க அரசு தொடங்கியது. 15 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் அதில் உள்ளன. கட்டணமின்றித் தேடலாம். ஆனால் 'லைப்ரரி' என்று மட்டும் எழுதினால் கல்லூரி நூலகம், ஊர் நூலகம் எல்லாம் திரண்டு வரும். அரிசியோடு உமியும் கல்லும் வந்தால் முறத்தில் இட்டுப் புடைக்கத்தானே வேண்டும்?

முதலில் கேள்வியைத் துண்டுகளாக்க வேண்டும். எங்கே? பள்ளி நூலகத்தில். என்ன? கற்பித்தல். யாருக்கு? உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு. இத்துண்டுகளை 'ஆண்ட்' என்ற சொல்லால் இணைத்தால் மூன்றும் சேர்ந்துள்ள கட்டுரைகள் மட்டும் வரும். 'ஆர்' இட்டால் ஏதேனும் ஒன்று இருந்தாலும் வரும். 'நாட்' வேண்டாததை விலக்கும். நாம் படித்த கணங்களின் வெட்டு, சேர்ப்பு, வித்தியாசம் இவையே! இந்தத் தருக்கக் கணிதத்தை 1854-ல் விரிவான நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் பூல். (கணக்குப் பாடவேளையை நான் குறை கூறவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.)

சுருக்குமுன் சற்று விரிக்கவும் வேண்டும். ஒரே பணிக்குப் பல பெயர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 'டீச்சர் லைப்ரேரியன்' என்பர். அமெரிக்காவில் 'லைப்ரரி மீடியா ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. 2010-ல் அங்குள்ள பள்ளி நூலகர் சங்கம் 'ஸ்கூல் லைப்ரேரியன்' என்ற பெயரையே ஏற்றது. ஒரு பெயரை மட்டும் தேடினால் பல்லாண்டுக் கட்டுரைகள் கைநழுவும். ஆகவே பெயர்களை 'ஆர்' கொண்டு சேர்த்து, அடைப்புக்குறிக்குள் இடுக. சொற்றொடர்களுக்கு மேற்கோள் குறி இடுக.

இதைவிட நல்ல வழியும் உண்டு. எரிக் தன் கட்டுரைகளுக்குத் தானே பொருட்சொற்கள் இட்டு வைத்திருக்கிறது. 'ஸ்கூல் லைப்ரரீஸ்', 'லைப்ரரி இன்ஸ்ட்ரக்ஷன்' ஆகியவை அவற்றுள் சில. பொருத்தமான கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதன் பொருட்சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றாலேயே மீண்டும் தேடுவது என் வழக்கம்.

'நாட்' மட்டும் இருபுறமும் வெட்டும் கத்தி. கல்லூரி வேண்டாம் என்று விலக்கினால், கல்லூரிக்குச் செல்லப் பள்ளி நூலகம் ஆயத்தம் செய்வதைப் பற்றிய கட்டுரையும் போய்விடும். ஆண்டு வரம்பு இடுவதும், அறிஞர்கள் சரிபார்த்த கட்டுரைகளை மட்டும் கேட்பதும் அதைவிடப் பாதுகாப்பானவை.

கிடைத்ததைப் படித்துப் பார்ப்பதும் தேடலில் அடங்கும். ராஸ் டாட், கரோல் குல்தாவ் ஆகியோர் ஒகையோ மாநிலத்தில் 39 பள்ளிகளில் 13,000க்கும் மேற்பட்ட மாணவரிடம் கேட்டு, 2004-ல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய அனைவருமே நூலகம் தமக்கு உதவியதாகக் கூறினர். மகிழ்ச்சியான செய்திதான்! ஆயினும் அவை நல்ல நூலகம் உள்ளவை என்று தேர்ந்தெடுத்த பள்ளிகள். கூறியதும் மாணவரின் சொந்தக் கருத்து. மதிப்பெண் உயர்ந்ததா என்று கேட்கும் பெற்றோருக்கு இது போதாது. அவர்களுக்காக 'அகாடமிக் அச்சீவ்மென்ட்' என்ற பொருட்சொல்லையும் 'ஆண்ட்' இட்டுச் சேர்த்து, மறுபடி தேட வேண்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி