எலுமிச்சம்பழத்துக்கு அப்புறம் பிரேக் ஆயில்

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது தில்லியில். படித்தது மோதி பாக் தமிழ்ப் பள்ளியில். ரொம்ப நாள் ஆசைப்பட்டு, போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே 718 கேமன் வாங்கினேன். வரும் குளிர்காலத்தில் கிரேட்டர் நொய்டா புத் ரேஸ் சர்க்யூட்டில், சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஒரு ட்ராக் டேக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். "ட்ராக்குக்குன்னே பிறந்த வண்டிடா இது, டேங்க் ரொப்பிக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்கிறான் நண்பன். மலை மந்திரில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் வண்டியை எடுக்கணும் என்கிறார் அம்மா. நள்ளிரவில் ரிங் ரோட்டில் 140 வரை போயிருக்கிறேன், பயமெல்லாம் இல்லை. வேறு என்ன ஏற்பாடு வேண்டும்? ஒரு சுற்றை எத்தனை நிமிஷத்தில் முடித்தால் கௌரவம்? ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் தருமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மோதி பாக், புது தில்லி

பதில்: நண்பரை விட அம்மா சொல்வதுதான் நல்ல யோசனை. எலுமிச்சம்பழம் வைக்கிறவர் நாலு சக்கரத்துக்கும் குனிந்தாக வேண்டும். அந்தப் பழத்தை நீங்களே வையுங்கள், இன்னொரு கையில் டார்ச் இருக்கட்டும். ஸ்போக் இடுக்கு வழியாகப் பார்த்தால் பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்வியிருக்கும் பேடும் தெரியும். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுசு போட்டுவிடுங்கள். டயரின் உள்பக்க ஓரத்தைத் தடவிப் பாருங்கள்; செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் வெளியே பட்டன் நன்றாக இருக்கும், உள்ளே மொழுமொழுவென்று இருக்கும்.

பெயர் போட வேண்டாம் என்றது புத்திசாலித்தனம். ரிங் ரோட்டில் 140 போனதை ஒரு பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்களே! பொது ரோட்டில் ரேஸ் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை உள்ளே போடலாம். சட்டத்தை விடுங்கள். அந்த 140 ட்ராக்கில் உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. ராத்திரி காலி ரோட்டில் ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். ட்ராக்கில் வண்டியை வதைப்பது வேகம் இல்லை, சூடு.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வண்டி உங்களையும் சேர்த்துச் சுமார் 1450 கிலோ. 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன்னால் 80-க்குக் குறைக்கிறீர்கள். அந்த நாலைந்து வினாடியில் பிரேக்கில் இறங்கும் சூட்டைக் கொண்டு ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ரிங் ரோட் சிக்னலில் 60-லிருந்து நிற்பதைப் போல இது ஒன்பது மடங்கு. புத் சர்க்யூட் 5.125 கிலோமீட்டர், 16 வளைவு. முதல் வளைவில் ஒரு மிதி. மேட்டில் ஏறித் திரும்பும் மூன்றாவது வளைவில் ஒரு மிதி. அதைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்பாதை, அதன் கடைசியில் நாலாவது வளைவில் பெரிய மிதி. கொதித்த குண்டானை இறக்குவதற்குள் அடுத்ததை ஏற்றுகிற மாதிரி. இதைப் பதினைந்து இருபது நிமிஷம் விடாமல் செய்யப் போகிறீர்கள்.

அதனால் முதல் செலவு பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகம் என்றால், புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு 155 தாங்கினாலே போதும் என்கிறது தர விதி. இரண்டு மழைக்காலம் பார்த்த ஆயில் ட்ராக்கில் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்கள் மிதிக்கிற மிதி குமிழியை அமுக்குவதற்கே சரியாகிவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருஷம் முன்னால் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில், "போன வருஷம்தானே மாத்தினோம்" என்று பழைய ஆயிலோடு இறங்கினேன். ஆறாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. 'இன்னும் ஒரு சுற்றுதானே' என்று நினைத்தேன். ஏழாவது சுற்றில் கால் தரை வரை போனது, வண்டி ஜல்லியில் போய் உட்கார்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது கை நடுங்கியது. தப்பு முழுக்க என்னுடையது. பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகிறது என்று தோன்றிய அந்த நொடியே நீங்கள் உள்ளே வந்துவிடுங்கள்.

அடுத்தது டயர் காற்று. வீட்டில் சரியாகப் பிடித்த காற்று ட்ராக்கில் சரியாக இருக்காது. பத்து டிகிரி சூடு ஏறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். நாற்பது டிகிரி ஏறினால் ஆறு. காற்று கூடிய டயர் நடுவில் புடைத்துக்கொண்டு ரோட்டைப் பிடிக்காது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் சூடாக இருக்கும்போதே பார்த்து, கையேடு சொல்லும் அளவுக்கு இறக்குங்கள். வீடு திரும்பும் முன் மறக்காமல் ஏற்றுங்கள். தில்லிக் குளிரில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: காலை முதல் இரண்டு சுற்றில் டயர் கல்லாக இருக்கும். வெயில் அடிக்கிறதே என்று நம்பி விரட்டாதீர்கள். முதல் முறை உள்ளே வந்ததும் வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஓட்டும் விதத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், மற்றதைப் பக்கத்தில் உட்காரும் பயிற்றுநர் சொல்லுவார். (அவருக்கு ஆகும் காசைப் புது சைலன்சருக்கு மிச்சம் பிடிக்காதீர்கள்.) உங்கள் வண்டிக்கு எஞ்சின் நடுவில். வளைவின் பாதியில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும், வால் பம்பரம் மாதிரி சுற்றிக்கொள்ளும். அதனால் பயத்தை எல்லாம் நேர்பாதையிலேயே பட்டுத் தீர்த்துவிடுங்கள்: நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து, வேகத்தைத் தேவைக்கு மேலேயே குறைத்து, அப்புறம் திருப்பி, வெளியே வரும்போது மெதுவாக மிதியுங்கள். பத்தாவது பதினோராவது வளைவு ஒரே வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகும். அவசரக்காரர்களை அது பிடித்துக்கொள்ளும். வண்டியின் பாதுகாப்பு எலக்ட்ரானிக்ஸை அணைக்கவே வேண்டாம். முன்னால் போகிறவர் கை காட்டினால் மட்டும், நேர்பாதையில் மட்டும் முந்துங்கள். பின்னால் வேகமாக வருகிறவர் இருந்தால் நீங்களும் கை காட்டுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கௌரவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதே ட்ராக்கில் 2011 அக்டோபர் 30 அன்று, முதல் இந்தியன் கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 பந்தயத்தில், செபாஸ்டியன் வெட்டல் ஒரு சுற்றை 1 நிமிஷம் 27.249 வினாடியில் முடித்தார். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அன்று எச்ஆர்டி வண்டியில் ஓடினார். உங்களுக்கும் எனக்கும் அந்தக் கணக்கு வேண்டாம். முதல் நாள் ஸ்டாப்வாட்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அடுத்தடுத்த ஐந்து சுற்றில் ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, ஒரே கோட்டில் திரும்ப முடிந்ததா? அதுதான் மார்க்கு.

இன்சூரன்ஸ் தராது என்று வைத்துக்கொண்டே போங்கள். நம் ஊர் வாகன பாலிசியில் எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும். ஒழுங்கு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை இரண்டையும் அதில் விலக்கியிருப்பார்கள். 'நான் ரேஸ் ஓட்டவில்லை, ட்ராக் டேதான்' என்று வாதாடி ஜெயிப்பதை நம்பி 200-இல் போகாதீர்கள். நடத்துகிறவர்கள் கையெழுத்து வாங்கும் தாளையும் முழுதாகப் படியுங்கள், தடுப்பில் மோதினால் தடுப்புக்கான காசு யார் பொறுப்பு என்று அதில்தான் இருக்கும். இடித்தால் கைக்காசு எவ்வளவு போகும், தாங்குமா என்று முந்தின ராத்திரி ஒரு தடவை யோசியுங்கள். தாங்காது என்றால் அதற்கேற்ற வேகத்தில் ஓட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை ஆற்றுவதற்கென்றே விடுங்கள்: பிரேக்கைத் தொடாமல், பெரிய கியரில், காற்று வாங்கிக்கொண்டு. நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நீங்களும் ஆற வேண்டும். தண்ணீர் குடித்து அரை மணி உட்காருங்கள். சாயங்காலம் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று போகிற சுற்றில்தான் நிறைய வண்டிகள் தடுப்பைப் பார்க்கும்.

திரும்ப ஐம்பது கிலோமீட்டர் போல ரோட்டில் வர வேண்டும். கிளம்புவதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடலை நாலு தடவை அழுத்திப் பாருங்கள். பஞ்சாக இருந்தால் வண்டியை லாரியில் ஏற்றுங்கள். கெட்டியாக இருந்தால் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் 100-க்குள் வாருங்கள், பனி மூடும் மாதங்களில் அதைவிடக் குறைவு. அன்று 100 உங்களுக்கு நடக்கிற மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

மோதி பாக் வந்ததும், காலையில் எலுமிச்சம்பழம் வைத்த அதே சக்கரங்களுக்கு இன்னொரு தடவை குனியுங்கள். ரிம் முழுக்கக் கருப்புத் தூள் அப்பியிருக்கும், விரலில் ஒட்டும். அது காலையில் நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்த பேட். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை எனக்குக் கடிதம் எழுதத் தேவை இருக்காது.