கண்ணுக்கும் கொழுந்துக்கும் எவ்வளவு தூரம்?

அம்மாவின் வலது கண் கட்டை அவிழ்த்த மறுநாள், எங்கள் லயத்து வாசலில் நின்று சிவனொளிபாதமலை உச்சியைக் கைநீட்டிக் காட்டினார். எனக்கே கண்ணாடியைத் துடைத்துப் போட்டால்தான் தெரிகிற உச்சி அது. ஆறு வாரம் கழித்துக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய் வந்தவர், கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "தூரத்து மலையெல்லாம் பளிச்சுனு தெரியுது பாப்பா. கைக்குக் கிட்ட இருக்குற கொழுந்துதான் தெரிய மாட்டேங்குது. முத்தின இலையும் சேந்து வந்துருச்சுன்னு கணக்கப்பிள்ளை ஏசுறாரு."

ஆப்பரேஷனில் ஒரு பிழையும் இல்லை. கேட்க வேண்டியதை நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். கண்புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் கூர்மையாகக் காட்டும். நாம் வாயைத் திறக்காவிட்டால் பெரும்பாலும் தூரப் பார்வைக்கே கணக்குப் பார்த்து வைத்துவிடுவார்கள். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியும் புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கு, சுமார் 40 சென்டிமீட்டருக்கு. என் அம்மா புத்தகம் படிக்கிறவர் இல்லை. தேயிலைச் செடி அவர் முகத்துக்கு அவ்வளவு கிட்ட நிற்பதும் இல்லை. கண்ணாடியைப் போட்டாலும் மங்கல், கழற்றினாலும் மங்கல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மலைக்குப் போனேன். அவர் குனிந்து கொழுந்தைக் கிள்ளும்போது, புருவத்திலிருந்து விரல்நுனி வரை ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். வீட்டுக்கு வந்து அளந்தால் 65 சென்டிமீட்டர். நூலை அப்படியே ஹட்டன் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அதே பிரேமில் பவரைக் குறைத்துப் போட்டுத் தந்தார். கணக்கப்பிள்ளை ஏசுவது நின்றது.

இடது கண்ணின் முறை வந்தபோது விபரம் தெரிந்திருந்தது. ஆப்பரேஷனுக்கு முன்னால் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து லென்ஸ் பவரைத் தீர்மானிக்கிறார்களே, பேசவேண்டியது அந்த நாளில்தான். மேசைமேல் படுத்த பிறகு அல்ல. நூலை டாக்டரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, இந்தக் கண்ணில் கொஞ்சம் கிட்டப்பார்வையை மிச்சம் வைக்கலாம் என்றார். ஒரு கண் தூரத்துக்கு, மற்றது கைவேலைக்கு. இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்றும் எச்சரித்தார். அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது. பல தூரத்துக்கும் காட்டுகிற லென்ஸும் இருக்கிறது. விலை அதிகம், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். இருட்டில் படிக்கட்டு ஏறி லயத்துக்கு வருகிறவருக்கு அது வேண்டாம் என்று விட்டோம்.

இத்தனைக்கும் அம்மா முதல் ஆப்பரேஷனையே ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டவர். காரணம் இருந்தது. 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரை ஆப்பரேஷன் செய்துகொண்ட சிலருக்கு, அதற்குப் பிறகு விட்ட பிரட்னிசலோன் சொட்டு மருந்தால் பார்வை பாதிக்கப்பட்டது. மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் தோட்டம் தோட்டமாகப் பரவிய பயத்தை யார் திரும்பப் பெறுவது? அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆப்பரேஷன் செய்த கண் வலித்தாலோ, சிவந்தாலோ, நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இதை நான் படித்துக்கொண்டது அந்தச் சம்பவத்திலிருந்துதான்.

தள்ளிப்போட்டதற்கும் விலை கொடுத்தோம். புரை பழுத்த பிறகுதான் எடுக்கவேண்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. இப்போது, பழுக்கப் பழுக்க எடுப்பது கஷ்டமாகிறது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த வெட்டு வழியாக, புரையை ஒலி அலையால் கரைத்து உறிஞ்சுவது ஒரு முறை. ஊரில் எல்லாரும் லேசர் என்று சொல்வது இதைத்தான். அம்மாவின் வலது கண் புரை கல்லாக இறுகியிருந்ததால், ஆறேழு மில்லிமீட்டர் வெட்டி முழுசாக எடுத்தார்கள். அதுவும் நல்ல முறைதான், ஆற மட்டும் சற்று நாளெடுக்கும். சீனி வியாதிக்காரர் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போகவேண்டும். சிறுநீர் போகக் கஷ்டப்பட்டு மாத்திரை குடிக்கும் ஆண்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லவேண்டும். டாம்சுலோசின் போன்ற சில மாத்திரைகள் ஆப்பரேஷன் நேரத்தில் கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையைத் தளர்த்திவிடும்.

மரக்கச் செய்வது கண்ணை மட்டும்தான், ஆள் விழித்திருப்பார். ஆகவே டாக்டர் சொல்வது புரியவேண்டும். முதல்நாள் இரவு அடுப்படியில் அம்மாவுக்கு ஒத்திகை வைத்தேன். "உட பலன்ன" என்றால் மேலே பார், "யட்ட பலன்ன" கீழே பார், "ஹெல்லென்ன எபா" அசையாதே. தெரிந்த சிங்களம்தான் என்றாலும், முகத்தைத் துணியால் மூடிய பிறகு தெரிந்ததும் மறந்துபோகும்.

அதைவிடக் கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகு. குனியாதே, பாரம் தூக்காதே, புகையில் நிற்காதே என்றார்கள். விறகடுப்பும், கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமக்கிற கூடையும்தான் எங்கள் வாழ்க்கை என்பது அவர்களுக்குத் தெரியாது. நாமாகச் சொல்லி, எத்தனை வாரம் ஓய்வு என்று கடிதமாக எழுதி வாங்கிவிட வேண்டும்.

என் கதை சின்னது. பனியில் கண்ணாடி துடைத்துச் சலித்து, லேசிக் செய்யக் கொழும்புக்குப் போனேன். கருவிழி சாதாரணமாக அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தடிப்பு. அதைச் செதுக்கித்தான் லேசிக் செய்கிறார்கள். என்னுடையது மெல்லிசு, செதுக்க இடமில்லை. இயற்கை லென்ஸை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இன்னொரு லென்ஸ் வைக்கலாம் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியோடே திரும்பி வந்தேன். நாற்பது வயது தாண்டினால் லேசிக் செய்தவருக்கும் வாசிக்கக் கண்ணாடி வேண்டிவரும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் பக்கத்துக் காம்பராவிலிருந்து தையல்கார அண்ணன் வந்தார். அவருக்கும் புரை. "அந்த நூலைக் கொஞ்சம் குடுங்க டீச்சர், டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார். அது கொழுந்துக்கு அளந்த நூல். "நீங்க மெஷின் முன்னால உக்காருங்கண்ணே," என்று சொல்லி, புது நூல்கண்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.