ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு

முதுகலை இறுதியாண்டில் ஆய்வேட்டுத் தலைப்பு என்றதும் நம் மாணவர் நாடுவது சீறாப்புராணத்தையே. மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தைச் சில திங்களில் ஆராய்ந்து முடித்தல் எளிதன்று. முந்தையோர் ஏட்டைப் பார்த்தெழுதுவதிலேயே அம்முயற்சி பெரும்பாலும் முடிகிறது.

கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என இசுலாமியப் புலவர்கள் தமிழுக்கு வழங்கிய வகைகளுள் ஒரு சிறுநூலைத் தேர்க. 1572இல் எழுந்த ஆயிர மசலாவில் வினாக்கள் தொடுக்கப்பெறும் முறையை மட்டும் ஆராய்ந்தாலும் போதும்.

அதனினும் புதுமை வேண்டுவோர் தம் இல்லத்துப் பரணை நோக்குக. தமிழை அரபு எழுத்தில் வரைந்த அரபுத்தமிழ் ஏடுகள் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வழங்கியவை. தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டினர். மதரசாவில் ஓதிய மாணவருக்கு இவ்வெழுத்து விரைவில் கைவரும். (தமிழ்த்துறையில் இத்தகுதியை எவரும் கேட்பதில்லை!) எனினும் ஏடு மட்டும் போதாது, அதனை இராகத்தோடு ஓதிவரும் மூதாட்டியர் குறைந்து வருகின்றனர். அவர் ஓதக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, பின்னர்த் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதுக. எந்நாளில், எவர் கூடியிருக்க ஓதப்பெற்றது என்பதையும் வினவுக. ஏட்டை வீட்டைவிட்டு எடுத்துச் செல்லாது அங்கேயே படமெடுத்துக் கொள்க. பெரியோர் மறுபடியும் கதவு திறப்பர்.