எடைக் குறைப்பு ஆபரேஷன்: ஸ்லீவா, பைபாஸா?

நெஞ்செரிச்சல் இருந்தால் அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். திரும்ப வைக்க வழியில்லை. எதுக்களிப்பு அதிகமாகவும் கூடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரும்பாலும், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ்தான் பொருந்தும்.

ஆனால் பைபாஸில் ஒரு கண்டிப்பு உண்டு. துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு, இடுப்புவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் இனி ஆகாது. பீடி, சிகரெட்டும் கூடாது. இவற்றால் குடலை இணைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம். சர்க்கரை தூக்கலான டீ குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

எந்த முறையானாலும் வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். தினம் 60 கிராம் புரதமாவது தேவை; காசிமேட்டு மீனைக் குழம்பு வைத்தால் மீனை முதலில் சாப்பிடுங்கள், சோறு பிறகு.

2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காக வந்த 26 வயது புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அதனால், நீங்கள் சேரும் மருத்துவமனையில் முழு வசதியுள்ள ஐசியூ உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முன்பணம் கட்டுமுன், ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் இன்னொரு கருத்தும் கேட்டுவிடுங்கள்.