மேலட்டை ஏன் வளைகிறது?

மழைக்காலத்தில் புதிய நூலொன்றை மேசைமேல் வைத்தால், அதன் மேலட்டை தானே வாய் திறந்து மேல்நோக்கி வளைவதைக் காணலாம். இதற்காகப் பைண்டரின் கூலியைப் பிடித்துக்கொள்வோரும் உண்டு. குற்றம் பெரும்பாலும் அவருடையதன்று.

அட்டையின் வெளிப்புறத்தில் மட்டுமே பிளாஸ்டிக் படலம் ஒட்டி லேமினேஷன் செய்கிறார்கள், உட்புறம் வெறுந்தாள். தாளின் இழைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. படலமோ அவ்வாறு விரிவதில்லை. ஆகவே அட்டை படலத்தின் பக்கமாக வளைகிறது. ஈரத்தை ஓரளவு உள்ளே விடும் நைலான் படலம் இக்குறையைத் தணிக்கும், விலைதான் கூடுதல்.

இழைகள் ஓடும் திசை நூலின் முதுகுக்கு இணையாக இருக்கவேண்டும். குறுக்காக இருந்தால் மடிப்பில் அட்டை வெடித்து, மை உதிர்ந்து, வெள்ளைக் கோடு தெரியும். ஒரு தாளில் கூடுதலாக ஓர் அட்டை பிடிக்கலாமென்று திசையை மாற்றி அச்சிடும் சிக்கனம் இங்கேதான் நஷ்டமாகிறது. தாளை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எவ்வாட்டில் எளிதாகச் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் நீளமே இழையின் திசை.

மை நன்கு காயுமுன் படலம் ஒட்டினால் பிற்பாடு கொப்புளம் கிளம்பும். நாளை வெளியீட்டு விழா என்று அச்சகத்தை அவசரப்படுத்துகிறவர் பெரும்பாலும் நூலாசிரியர்தாம்!